10 கிமீ அசால்ட்டா ஓடுறவர், 21-ல 14-ஆவது கிலோமீட்டர்ல ஏன் படுத்துடுறார்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துல எங்களோட ஓடுற ஒருத்தரோட முதல் ஹாஃப் மாரத்தான் (21.1 கிமீ) கணக்கு இது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன். 34 வயசு, 10 கிமீ முழு மூச்சா ஓடினா 60 நிமிஷம். அதை வெச்சு 2:10-ல முடிச்சிடலாம்னு போனவர் 2:31:30-க்கு வந்து சேர்ந்தார்.

0–5 கிமீ: 30:10
5–10: 31:00
10–15: 36:20
15–20: 44:40
கடைசி 1.1: 9:20

மாசம் பிப்ரவரி, காலை 6:00 மணிக்கு ஆரம்பம். அதுக்கு முன்னாடி ஒரே ஓட்டமா ஓடின அதிகபட்ச தூரம் 13 கிமீ. கிளம்பும்போது எடை 72.4, முடிச்சு வேர்வையைத் துடைச்சிட்டுப் பார்த்தா 70.1. வழியில குடிச்சது சுமாரா 600 மில்லி, அத்தனையும் வெறும் தண்ணி. காலைல 4 மணிக்கு ஒரு காபி, ரெண்டு பிஸ்கட். அதுக்கப்புறம் வாயில எதுவும் போடல. 14 தாண்டினதும் தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு. 17-ல கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. மயக்கமோ தலைசுத்தலோ இல்ல.

ஆறுதல் வேணாம். எது எது தப்புன்னு பிரிச்சுச் சொல்லுங்க.

ஒத்தக்கடை_யானை

பதில் முதல் ரெண்டு வரியிலயே இருக்குண்ணே. 10 கிமீயை 61:10-ல தாண்டியிருக்கார். அவரோட உச்ச வேகத்துக்கும் இதுக்கும் 70 செகண்டுதான் வித்தியாசம். அதாவது ஒரு 10 கிமீ போட்டியை ஓடி முடிச்சிட்டு, அதே காலோட இன்னும் 11 கிமீ போயிருக்கார். 36:20-ங்கிறது அதோட வட்டி, 44:40 அசலும் சேர்த்து.

2:10-க்கே கிலோமீட்டருக்கு 6:10 போதும். இவர் 6:02-ல ஆரம்பிச்சிருக்கார். முதல் 3 கிமீ கூட்டம், மைக் சத்தம், ரெண்டு வாரம் ஓய்வு எடுத்த புதுக் கால். அந்த நேரத்துல 6:02 நடக்குற மாதிரி இருக்கும். அதுதான் கண்ணி.

இதே ஆளுக்கு நான் எழுதிக் கொடுக்குற கணக்கு: முதல் 5 கிமீ 7:05 வீதம், 5-லேர்ந்து 15 வரைக்கும் 6:50, கடைசி 6.1 கிமீ 6:45. கூட்டினா 2:24:54. 15 கிமீ பலகைகிட்ட அவர் 1:37:30, என் கணக்கு 1:43:45. ஆறே கால் நிமிஷம் பின்னாடி இருக்குற கணக்கு, முடிவுல ஆறரை நிமிஷம் முன்னாடி வந்துடுது.

வாட்ச் இல்லாதவங்களுக்கு: முதல் 5 கிமீல பக்கத்துல ஓடுறவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச வரணும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துறீங்கன்னா வேகத்தைக் குறைங்க, அப்பவே.

அஞ்சு_மணி_அலாரம்

2:10 கேட்டதே பேராசைன்னு சொல்லிட முடியாது. ரீகல் சூத்திரம்னு ஒண்ணு இருக்கு. பீட்டர் ரீகல்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 1977-ல போட்டது. தூரம் எத்தனை மடங்கோ, அதை 1.06 அடுக்குக்கு ஏத்தி, பழைய நேரத்தோட பெருக்கணும். 10 கிமீ 60 நிமிஷம்னா ஹாஃப் 2:12 வரும். இணையத்துல இருக்குற பல கால்குலேட்டர் இதைத்தான் உள்ள வெச்சிருக்கு.

ஆனா அந்த 1.06 யாருக்கு? ரெண்டு தூரத்துக்கும் சமமாப் பயிற்சி எடுத்தவருக்கு. 13 கிமீ தாண்டாதவருக்கு அந்த எண் பொய் சொல்லும். முதல் ஹாஃப்னா சூத்திரம் தர்ற நேரத்தோட 10–15 நிமிஷம் கூட்டிக்கிட்டு ஆரம்பிக்கிறதுதான் சூதானம். நம்ம ஊர் வெக்கைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

நாகமலை_நடை

எனக்கு இது சாப்பாட்டுப் பிரச்சினையாத்தான் தெரியுது. ஓட்டத்துக்கு ஆகுற செலவு கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி. 72 × 21.1 = 1,520. நல்லா சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்ச உடம்புல தசையிலயும் ஈரல்லயும் சேர்த்து 1,600–2,000 கலோரிக்கு கிளைகோஜன், அதாவது சேமிச்சு வெச்ச மாவுச்சத்து இருக்கும். ராத்திரித் தூக்கத்துல ஈரல் இருப்பு பாதிக்கு மேல கரைஞ்சிடும். அதை நிரப்பாம ரெண்டு பிஸ்கட்டோட போனா? வேகம் கூடக் கூட கொழுப்பு எரியுறது குறைஞ்சு மாவுச்சத்துச் செலவு ஏறும்ங்கிறதையும் சேர்த்துக்குங்க.

கெண்டைக்கால்_பிசியோ

@நாகமலை_நடை, கணக்கு சரி, தீர்ப்பு தப்புங்க. சர்க்கரை தீர்ந்துபோனா தெரியுற அறிகுறி வேற: திடீர்ப் பசி, கை நடுக்கம், தலை லேசாகுறது, எரிச்சல், சின்னக் கூட்டல் கணக்குகூடப் போட வராது. இவருக்கு மயக்கமோ தலைசுத்தலோ இல்லன்னு மேலயே எழுதியிருக்கு, மத்த அறிகுறி எதையும் சொல்லல. கடைசி 1.1 கிமீல வேகம் 8:56-லேர்ந்து 8:30-க்குத் தேறியிருக்கு, அதையும் பாருங்க. தொட்டி காலியாகல. கால்தான் தயாராகல.

நிமிஷத்துக்கு 165 காலடின்னு வெச்சா ரெண்டரை மணி நேரத்துல 25,000 காலடி வரும். ஒவ்வொரு தடவை பாதம் தரையில இறங்கும்போதும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு பாரம் ஏறுது. அந்தப் பாரத்தை வாங்குறப்ப முன்தொடைத் தசை நீண்டுக்கிட்டே இழுத்துப் பிடிக்குது. மாடிப்படி இறங்கும்போது தொடையில என்ன வேலை நடக்குதோ அதேதான். இந்த வேலைக்குத் தசை பழகணும்னா நீண்ட ஓட்டம் ஒண்ணுதான் வழி. 13 கிமீக்குப் பழகின தொடை 14-ல கல்லாச்சுன்னா அதுல ஆச்சரியம் என்ன இருக்கு?

புதுசா வர்றவங்க எல்லாரும் விழுற இடமும் இதுதான். ஆறேழு வாரத்துல மூச்சு பழகிடும், உடனே தெம்பு வந்துடும். தசைநாரும் எலும்பும் அதே காலத்துல பழகாது. மூச்சை நம்பிக் காலைக் கடன் வாங்குறோம்.

கெண்டைக்கால் பிடிச்சா: நில்லுங்க. முட்டியை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமா 20–30 செகண்ட் இழுத்துப் பிடிங்க. விட்டதும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் நடந்துட்டு, முன்ன இருந்ததைவிட மெதுவா ஓடுங்க. களைச்ச தசையோட நரம்புக் கட்டுப்பாடு குழம்புறதுதான் பெரும்பாலும் காரணம். உப்புக் குறைவு ஒண்ணையே காரணமாச் சொல்ல முடியாது. முன்கூட்டியே செய்ய வேண்டியது: படி விளிம்புல ஒத்தக் கால்ல குதிகால் தூக்கி இறக்குறது, முட்டி நேரா 15, முட்டி மடக்கி 15, மூணு சுற்று, வாரம் ரெண்டு நாள். இறக்குறதுதான் மருந்து, மூணு எண்ணி இறக்குங்க. ஒரு கால்ல 15 வரலைன்னா ஹாஃப்புக்கு இன்னும் நாள் இருக்குன்னு அர்த்தம்.

உப்பு_புளி

ரெண்டு பேரும் எடைக் கணக்கை விட்டுட்டீங்க. 72.4 − 70.1 = 2.3 கிலோ. குடிச்ச 0.6-ஐக் கூட்டினா வேர்வை 2.9 லிட்டர். ரெண்டரை மணி நேரம்னா, மணிக்கு 1.15 லிட்டர். (எரிஞ்சுபோன மாவும் கொழுப்பும் ஒரு கால் கிலோ இருக்கும், கறாரா பார்க்குறவங்க கழிச்சுக்கலாம்.) எடையில 3 சதவீதத்துக்கு மேல போயிருக்கு. ரத்தத்துல தண்ணி குறையக் குறைய இதயம் அதே வேகத்துக்கு அதிகமா அடிக்கணும். ஓட ஓட இதயத் துடிப்பு ஏறியும் வேகம் ஏறாம போறது இதனாலதான்.

அதுக்காக 2.9 லிட்டரையும் திருப்பிக் குடிக்கப் பார்க்காதீங்க. வயிறு தாங்காது. வெறும் தண்ணியா அள்ளிக் குடிச்சா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும். அது நீர் வத்துறதைவிட ஆபத்து. கிளம்பினப்ப இருந்ததைவிட எடை கூடி முடிச்சார்னா அவர் தப்பாக் குடிச்சிருக்கார்னுதான் அர்த்தம். தாகத்தை ஒட்டி மணிக்கு 500–600 மில்லி, ஒவ்வொரு தண்ணி மேசையிலயும் நாலு வாய். பெரும்பாலானவங்களுக்கு அது போதும்.

ஓஆர்எஸ் பத்தி ஒரு புலம்பல். 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு உள்ளது. அதுல உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். இதைக் கொண்டுபோய் ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு "ஓஆர்எஸ் ஒத்துக்கல, வயித்தால போகுது"ன்னா, அது கலந்த கையோட குத்தம். அப்புறம், 13.5 கிராம் குளுக்கோஸ் அரை வாழைப்பழத்துக்குச் சமம். ஓஆர்எஸ் தண்ணிக்கும் உப்புக்கும்தான், தெம்புக்கு இல்ல. இளநீர் அதுக்கு நேர் எதிர்: பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி. வேர்வையில போறது பெரும்பாலும் சோடியம். முடிச்சதும் இளநீர் குடிங்க, தாராளமா, கூட ஒரு சிட்டிகை உப்பு.

பைய_ஓடு

பொம்பளைங்க யாரும் எழுதலையேன்னு வந்தேன். ஆளுக்கொரு காரணம் சொல்றீங்க, எல்லாமே அடுக்கடுக்கா விழுந்திருக்கு, அவ்வளவுதான். வேகம் முதல்ல, மத்தது பின்னாடி.

காலைச் சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ல ஜெல்லை (ஓட்டக்காரங்க சாப்பிடுற மாவுச்சத்துக் கூழ் பாக்கெட்) தேடி அலைய வேண்டாம். 6 மணி ஓட்டம்னா 3:30–3:45-க்குள்ள மூணு இட்லி, தொட்டுக்க சர்க்கரை, கூட ஒரு வாழைப்பழம். சாம்பார், தேங்காய்ச் சட்னி, பால் வேணாம். பருப்பும் கொழுப்பும் வயித்துல தங்கும், 12-ஆவது கிலோமீட்டர்ல கழிப்பறை தேட வைக்கும். ராத்திரிச் சாப்பாடு 7:30-க்குள்ள, பரோட்டாவுக்கு அன்னிக்கு ஒரு நாள் விடுமுறை.

ஓடும்போது மணிக்கு 30–45 கிராம் மாவுச்சத்து. விதை எடுத்த பேரீச்சை ஒண்ணு 5–6 கிராம், அரை வாழைப்பழம் 12, நெல்லிக்கா அளவு கருப்பட்டி 10 கிராம்னா 9, கடையில விக்கிற ஜெல் 20–25. பசிச்ச பிறகு சாப்பிட்டா காலம் கடந்துடும். 40-ஆவது நிமிஷத்துல ஆரம்பிச்சு 25 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வாய் தண்ணியோட. கடலைமிட்டாய் பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஓடுறதைப் பார்த்திருக்கேன். கடலையில இருக்குற கொழுப்பும் புரதமும் ஓட்டத்துல செரிக்காது, பல்லுல மாட்டுறது வேற. எதுவானாலும் நாலு ஞாயித்துக்கிழமையாவது சாப்பிட்டுப் பழகியிருக்கணும். போட்டி அன்னிக்குப் புதுசா ஒண்ணும் கூடாது, செருப்பு வாரு உட்பட.

உராய்வு: அக்குள், தொடை இடுக்கு, ப்ரா பட்டி படுற இடம், ஆம்பளைங்களுக்கு மார்க்காம்பு. வாசலின் தாராளமா, காம்புக்கு மைக்ரோபோர் டேப். பருத்தி பனியனும் பருத்தி சாக்ஸும் வேர்வையைக் குடிச்சுக் கனத்து, ரம்பமா அறுக்கும். நகத்தை மூணு நாள் முன்னாடியே நேராக் கத்தரிங்க.

பெண்களுக்குத் தனியா ஒண்ணு. பயிற்சி சரியா இருந்தும் வாரா வாரம் வேகம் குறைஞ்சிக்கிட்டே போனா, திட்டத்தை மாத்துறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்புல இரும்புச்சத்து இருப்பைக் காட்டுறது) பாருங்க. ரெண்டையும் பாருங்க. முதல்ல காலியாகுறது ஃபெரிட்டின்தான்.

கீழவாசல்_புதுசு

அக்கா, அண்ணே, எல்லாருக்கும் வணக்கம். ஏழு வாரத்துல ஹாஃப் இருக்கு, பணம் கட்டியாச்சு. இப்ப 8 கிமீ ஓடுறேன். முடியுமா? கார்பன் தட்டு வெச்ச ஷூ வாங்கினா கொஞ்சம் ஈடுகட்டலாமா?

ஒத்தக்கடை_யானை

ஷூ காசை மிச்சம் பிடி தம்பி. அது காலுக்குப் பதிலா ஓடாது. சாதாரண ஷூ, வழக்கமான சைஸைவிட அரை சைஸ் பெருசு, பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம். ஓட ஓடப் பாதம் வீங்கும். 50 கிமீயாவது அதுல ஓடியிருக்கணும். ஏற்கெனவே 700–800 கிமீ தேய்ஞ்சதுன்னா மாத்திடு.

ஏழு வாரத்துல ஞாயித்துக்கிழமை மட்டும்: 9, 11, 13, 10, 15, 11, அப்புறம் போட்டி. வாரத்துல இன்னும் ரெண்டு நாள் 5–6 கிமீ, பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல. நடுவுல வர்ற 10 தப்பில்ல, அந்த வாரத்துலதான் உடம்பு தன்னைத் தேத்திக்குது. எலும்புல விரல் வெச்சு அழுத்தினா ஒரே புள்ளியில வலிச்சா அந்த வாரத்தோட நிறுத்திட்டு டாக்டரைப் பாரு. 13-ஐ வலியில்லாம முடிக்கலைன்னா 10 கிமீ பிரிவுக்கு மாத்தித் தரச் சொல்லி ஏற்பாட்டாளர்கிட்ட கேளு.

முழுசும் ஓடணும்னு நினைக்காதே. 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை, முதல் கிலோமீட்டர்லேர்ந்தே. களைச்ச பிறகு நடக்குறது வேற, களைக்காம இருக்க நடக்குறது வேற. அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஜெஃப் காலோவே இதைத்தான் பல வருஷமாப் பரப்பினார். கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கடைசி நேரம், எத்தனைன்னு மட்டும் பார்த்துக்க. 3 மணின்னா கிலோமீட்டருக்கு 8:32 வரைக்கும் தாங்கும்.

தெப்பக்குளம்_சுத்து

மதுரையிலேர்ந்து அழகர்கோயில் ஏறக்குறைய 21 கிமீ. சரியா ஒரு ஹாஃப். அழகரே அங்கிருந்து கிளம்பி வைகைக்கு வர்றதுக்குள்ள நூத்துக்கணக்கான மண்டகப்படியில நின்னு நின்னுதான் வர்றாரு. நீ தண்ணி மேசைக்கு மேசை நின்னா யாரு கேக்கப் போறா?

நீண்ட ஓட்டத்துக்கு அழகர்கோயில் ரோடு நல்ல ரோடுதான், ஆனா விடியுறதுக்கு முன்னாடி பஸ்ஸும் லாரியும் விரட்டும். வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஓடணும். தனியா ஓடுறவங்களுக்கு வண்டியூர் தெப்பக்குளம்தான் என் ஓட்டு. குளம் ஏறக்குறைய 1000 அடிக்கு 950 அடி, சுத்தி வந்தா 1.2 கிமீக்குக் கொஞ்சம் கூட. 12 சுத்து 15 கிமீ. பாட்டிலும் பேரீச்சையும் ஒரே இடத்துல வெச்சா சுத்துக்கு ஒரு தடவை கைக்கு எட்டும், முடியலைன்னா வண்டி பக்கத்துலயே நிக்கும். நாலு மூலையும் செங்கோணம். ஒரே திசையில சுத்தினா வெளிப்பக்க முட்டி வலி வரும், மூணு சுத்துக்கு ஒரு தடவை திசையை மாத்துங்க. 5:30-க்கு மேல நடைக்காரங்க கூட்டம்.

நாய்: ஓடாதீங்க, நில்லுங்க, முதுகைக் காட்டாம, கண்ணையும் நேராப் பார்க்காம பைய நடந்து தாண்டுங்க. கடிச்சா 15 நிமிஷம் ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு அன்னிக்கே ஊசி. "சின்னக் கீறல்தானே"ன்னு விடக்கூடாது.

கொப்புளத்துக்குப் பழனி பாதயாத்திரைக்காரங்க ஊசியில நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள்ள விட்டு வைப்பாங்க. நூல் வழியாக் கிருமி உள்ள போகும், அது வேணாம். ஸ்பிரிட்டால துடைச்ச ஊசியால ஓரத்துல குத்தி நீரை வெளியேத்திட்டு, மேல் தோலைப் பிய்க்காம அப்படியே படிய வெச்சு பிளாஸ்திரி போடுங்க.

கெண்டைக்கால்_பிசியோ

இந்த இழையில இன்னும் வராத ஒண்ணு. போட்டிக்கு முன்னாடி "வலி வராம இருக்க" ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போடுறது இங்க சாதாரணமாயிடுச்சு. நீர் வத்தின உடம்புல அது சிறுநீரகத்துக்கு அடி. போடாதீங்க.

கூட ஓடுறவர் உளற ஆரம்பிச்சா, திசை தெரியாம நடந்தா, சம்பந்தமில்லாம கோபப்பட்டா, அது களைப்புன்னு நினைச்சு விட்டுடாதீங்க. உடம்பு உள்வெப்பம் 40 டிகிரி தாண்டியிருக்கலாம். வேர்வை கொட்டிக்கிட்டு இருந்தாலும் இது வரும், "வேர்வை நின்னாத்தான் வெப்பத்தாக்கு"ங்கிறது ஓட்டக்காரருக்குப் பொருந்தாது. 108-க்குக் கூப்பிடுங்க, வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க: நிழல், துணியைத் தளர்த்துறது, ஐஸ் தண்ணித் தொட்டி இருந்தா கழுத்து வரைக்கும் உள்ள இறக்கி ஒருத்தர் பிடிச்சுக்கிறது. இல்லைன்னா பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தி விசிறுறது. முதல்ல குளிர வைக்கணும், ஆஸ்பத்திரி அதுக்கப்புறம்.

முடிவுக்கோட்டைத் தாண்டினதும் உக்காராதீங்க. கால்ல தேங்கின ரத்தம் மேல வராம கண்ணு இருட்டும். பத்து நிமிஷம் நடங்க. இருட்டினா படுத்து, காலை உசத்தி வைங்க. அடுத்த ரெண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாது, அது சகஜம். சிறுநீர் கறுப்புக் காபி நிறத்துல போனா மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. அவர்கிட்ட இழையைக் காட்டினேன். ஒரு சந்தேகம் மிச்சம்: அவர் ஜிபிஎஸ் வாட்ச் 21.4 காட்டுச்சு, ரூட்டைத் தப்பா அளந்துட்டாங்கன்னு சொல்றார்.

அஞ்சு_மணி_அலாரம்

21.0975-ஐ வளைவுகளோட உள்விளிம்பை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறைஞ்ச பாதையில அளப்பாங்க. வெளிப்பக்கமா வளைஞ்சு, ஆளை முந்தி, தண்ணி மேசைக்கு ஒதுங்கி ஓடினா 200–300 மீட்டர் தானாக் கூடும். அதனால வாட்ச் காட்டுற வேகத்தை நம்பாம, கிலோமீட்டர் பலகைகிட்ட கையால லாப் பட்டனை அமுக்கச் சொல்லுங்க. 2:24-க்குப் போறவர் வாட்ச்ல 6:52 பார்த்துக்கிட்டே ஓடினா 2:27-க்குத்தான் வந்து சேருவார்.

வைகைக்கரை

சொல்லிட்டேன். வர்ற ஞாயிறு 4:45, தெப்பக்குளம், 9 சுத்து, கிலோமீட்டருக்கு 7:20. அதைவிட ஒரு செகண்ட்கூட வேகமாப் போகக் கூடாதுன்னு ஏத்துக்கிட்டார்.

தெப்பக்குளம்_சுத்து

வாங்க. பேரீச்சை நான் கொண்டாறேன். டார்ச் உங்க பொறுப்பு, வடக்குப் பக்கம் ரெண்டு விளக்கு எரியல.